யூரிப்பிடீஸின் மெடீயா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டதால் பெற்ற பிள்ளைகளையே கொன்றவள் என்று ஒரே வரியில் மெடீயாவின் கதையை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யூரிப்பிடீஸ் எழுதிய இந்தப் பழைய கிரேக்க நாடகத்துக்குள் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்விகள் எல்லாம் வருகின்றன. கதை முடிவு முழுக்கக் கீழே இருக்கிறது. அந்தக் காலத்துப் பார்வையாளர்களும் கதையின் பெரும்பகுதி தெரிந்துதான் வந்து உட்கார்ந்தார்கள், அதனால் கவலை வேண்டாம்.

இது எப்போது எழுதப்பட்ட நாடகம்?

கி.மு. 431. ஏதென்ஸில் டயோனிசஸ் தெய்வத்துக்கு வசந்த காலத்தில் எடுக்கும் பெருவிழாவில், அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருக்கும் திறந்தவெளி அரங்கில் நடந்தது. அந்த விழா ஒரு போட்டி. மூன்று கவிஞர்கள் கலந்துகொள்வார்கள், ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும் கடைசியில் கொஞ்சம் கேலிக்கூத்தாக ஒரு சட்டயர் நாடகமும் கொடுக்க வேண்டும். யூரிப்பிடீஸ் அந்த வருடம் மெடீயாவோடு ஃபிலொக்டீட்டஸ், டிக்டிஸ் என்ற இரண்டையும் கொடுத்தார். அவை தொலைந்துபோய்விட்டன. இது மட்டும் 1,419 வரிகளோடு தப்பித்து வந்திருக்கிறது.

போட்டியில் கடைசி இடமாமே?

ஆமாம், மூன்றாவது இடம். முதலிடம் ஈஸ்கைலஸின் மகன் யூஃபோரியனுக்கு, இரண்டாவது சொஃபொக்ளீஸுக்கு. ஆனால் நான்கு நாடகங்களையும் சேர்த்துத்தான் தீர்ப்பு, மெடீயா மட்டும் தோற்றது என்று சொல்ல முடியாது. யூரிப்பிடீஸ் வாழ்நாளில் மொத்தமே நான்கு முறைதான் முதல் பரிசு வாங்கினார். முதலிடம் வாங்கிய யூஃபோரியனின் நாடகம் ஒன்றுகூட இன்று முழுசாக இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடகம் தொடங்குவதற்கு முன்னால் என்ன கதை?

இது தெரியாமல் படித்தால் முதல் பத்து வரியிலேயே தடுமாற்றம் வரும், ஏனென்றால் செவிலித்தாய் மேடைக்கு வந்ததும் "அந்த ஆர்கோ கப்பல் கிளம்பாமலே இருந்திருக்கக் கூடாதா" என்று புலம்பித்தான் ஆரம்பிக்கிறாள்.

இயோல்கோஸ் என்ற ஊரின் அரசுரிமை, பிற்பாடு மெடீயாவின் கணவனான ஜேசனின் தகப்பனுக்குச் சேர வேண்டியது. அதைப் பெலியாஸ் பிடித்துக்கொண்டான். ஒற்றைக் காலில் செருப்போடு வருகிறவனிடம் ஜாக்கிரதை என்று அவனுக்கு ஒரு குறி சொல்லப்பட்டிருந்தது. வளர்ந்து உரிமை கேட்டு வந்த ஜேசனின் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. உடனே பெலியாஸ், கருங்கடலின் கிழக்குக் கோடியில் கொல்கிஸ் நாட்டில் இருக்கும் தங்கத் தோலைக் கொண்டுவா, ராஜ்யம் தருகிறேன் என்று அனுப்பிவிட்டான். திரும்பி வரமாட்டான் என்ற நம்பிக்கைதான்.

கொல்கிஸ் அரசன் ஐயேட்டஸ் சூரியக் கடவுள் ஹீலியோஸின் மகன். அவன் போட்ட நிபந்தனைகள் ஒரு மனிதனால் ஆகக்கூடியவை இல்லை: நெருப்பு கக்கும் காளைகளை நுகத்தில் பூட்டி உழ வேண்டும், நாகத்தின் பற்களை விதைக்க வேண்டும், அதிலிருந்து ஆயுதத்தோடு முளைத்து வருகிற வீரர்களைச் சமாளிக்க வேண்டும். அரசனின் மகள் மெடீயா ஜேசன் மேல் காதல் கொண்டு மருந்து கொடுத்தாள், வழி சொன்னாள், தூங்காமல் காவல் இருந்த நாகத்தைக் கவனித்துக்கொண்டாள். பதிலுக்கு ஜேசன் தெய்வங்களின் பேரில் சத்தியம் செய்து அவளை மனைவியாகக் கூட்டிக்கொண்டு, தான் வந்த ஆர்கோ கப்பலில் ஏறினான். இந்தச் சத்தியத்தை ஞாபகத்தில் வையுங்கள், நாடகமே அதில்தான் நிற்கிறது.

தப்பிக்கும்போது மெடீயாவின் தம்பி அப்சிர்டஸ் சாகிறான். எப்படி என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். துரத்தி வரும் தகப்பனைத் தாமதப்படுத்த உடலைத் துண்டாக்கி வீசினாள் என்பது ஒரு கதை, வளர்ந்த ஆளாகத் துரத்தி வந்தவனை ஜேசனே கொன்றான் என்பது இன்னொன்று, யூரிப்பிடீஸில் வீட்டு அடுப்படியிலேயே அவனைக் கொன்றுவிட்டுத்தான் அவள் கப்பலேறினாள் என்று வருகிறது. இயோல்கோஸ் வந்த பிறகும் பெலியாஸ் ராஜ்யத்தைக் கொடுக்கவில்லை. மெடீயா ஒரு கிழட்டு ஆட்டை வெட்டிக் கொப்பரையில் மூலிகையோடு வேகவைத்துக் குட்டியாக்கிக் காட்டினாள். அதைப் பார்த்து மயங்கிய பெலியாஸின் மகள்கள் அப்பாவையும் இளமையாக்கலாம் என்று அவர்களே அவனை வெட்டிப் போட்டார்கள். இரண்டாவது முறை மந்திரம் வேலை செய்யவில்லை, அதாவது அவள் செய்யவிடவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் இருக்க முடியாமல் ஜேசனும் மெடீயாவும் இரண்டு பையன்களும் கொரிந்து நகரத்துக்கு அகதிகளாக வந்து சேர்கிறார்கள்.

தங்கத் தோல் என்பது வெறும் கற்பனையா?

கதைப்படி அது பறக்கும் ஆட்டுக்கடா ஒன்றின் தோல், ஃபிரிக்ஸஸ் என்ற பையனைச் சிற்றன்னையின் சூழ்ச்சியிலிருந்து காப்பாற்றிக் கொல்கிஸில் கொண்டு சேர்த்த கடா. ஆனால் பழைய புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ வேறொரு காரணம் சொல்கிறார்: அந்தப் பகுதி மலை ஓடைகளில் தங்கத் துகள் வரும், மக்கள் ரோமத்தோடு இருக்கும் தோலைத் தண்ணீரில் போட்டு அதைப் பிடிப்பார்கள், கதை அங்கிருந்து வந்திருக்கலாம் என்று. கொல்கிஸ் என்பது இன்றைய ஜார்ஜியாவின் மேற்குப் பகுதி. அங்கே பாதுமி நகரத்தின் நடுவில் தங்கத் தோலை ஏந்தி நிற்கும் மெடீயாவுக்கு உயரமான சிலையே வைத்திருக்கிறார்கள்.

சரி, நாடகத்தில் என்ன நடக்கிறது?

ஒரே நாளில் நடக்கும் கதை. ஜேசன் கொரிந்து அரசன் கிரெயோனின் மகளைக் கல்யாணம் செய்துவிட்டான். மெடீயா சாப்பிடாமல் அழுதுகொண்டு வீட்டுக்குள் கிடக்கிறாள். கிரெயோன் வந்து, நீ கெட்டிக்காரி, உன்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்போதே ஊரைவிட்டுப் போ என்கிறான். அவள் அவன் காலைப் பிடித்துக் கெஞ்சி ஒரே ஒரு நாள் கேட்டு வாங்குகிறாள். தப்பு செய்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறான், பாவம்.

ஜேசன் வந்து விளக்கம் சொல்கிறான், பெரிய சண்டை. அடுத்து ஏதென்ஸ் அரசன் ஏஜியஸ் வழியில் வந்துபோகிறான், அவளுக்கு அடைக்கலம் தருவதாகச் சத்தியம் செய்கிறான். அதற்கு மேல் அவள் வேகம் எடுக்கிறாள். ஜேசனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது போல நடித்து, புதுப் பெண்ணுக்கு ஒரு ஆடையும் தங்கக் கிரீடமும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புகிறாள். இரண்டிலும் விஷம். அந்தப் பெண் கண்ணாடி முன் நின்று போட்டு அழகு பார்க்கும்போது கிரீடம் தீப்பிடிக்கிறது, ஆடை சதையைத் தின்கிறது, ஓடிவந்து கட்டிப்பிடித்த தகப்பனும் ஒட்டிக்கொண்டு சாகிறான். இவ்வளவையும் ஒரு தூதன் வந்து நின்று நிதானமாக விவரிக்கிறான். அதன் பிறகு அவள் உள்ளே போகிறாள், பிள்ளைகளின் குரல் மட்டும் கேட்கிறது.

ஜேசன் கதவை உடைக்க வரும்போது அவள் வீட்டுக்கு மேலே, தாத்தா சூரியன் அனுப்பிய ரதத்தில், இரண்டு உடல்களோடு நிற்கிறாள். தொடக்கூட விடமாட்டேன் என்கிறாள். நீ ஆர்கோ கப்பலின் மரத்துண்டு தலையில் விழுந்து சாவாய் என்றும் சொல்லிவிட்டுப் போகிறாள்.

பொறாமையில்தானே இதெல்லாம்?

ஜேசன் அப்படித்தான் சொல்கிறான். படுக்கைக்காகத்தான் பெண்கள் இப்படி ஆடுகிறீர்கள் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்வான், நாமும் அவன் சொன்னதையே நம்பிவிடுகிறோம். என் கணிப்பில் இது சத்தியம் மீறியவனின் கதை, பொறாமை அதற்கு மேலே கிடக்கும் ஒரு அடுக்கு மட்டும்தான்.

நாடகத்தில் சத்தியம் என்ற விஷயம் எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். அவள் அழும்போது என்ன சொல்லி அழுகிறாள் என்று செவிலித்தாய் சொல்வதே, அவன் செய்த சத்தியத்தையும் வலது கை பிடித்துக் கொடுத்த வாக்கையும் சொல்லித் தெய்வங்களைச் சாட்சிக்கு அழைக்கிறாள் என்பதுதான். கோரஸ் பெண்கள், அதாவது மேடையில் கூட்டமாக நின்று பாடும் கொரிந்துப் பெண்கள், சத்தியத்துக்கு இருந்த மதிப்பு போய்விட்டது, வெட்கம் கிரேக்க நாட்டைவிட்டு வானத்துக்குப் பறந்துவிட்டது என்று பாடுகிறார்கள். ஜேசனிடம் அவள் கேட்கும் கேள்வி, அன்று நீ சத்தியம் செய்த தெய்வங்கள் இப்போது ஆட்சியில் இல்லையா, புதுச் சட்டம் வந்துவிட்டதா என்பது. ஏஜியஸ் வாய்வார்த்தையாக உதவி சொன்னதும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை, பூமி மேலும் சூரியன் மேலும் சத்தியம் செய்ய வைக்கிறாள், மீறினால் உனக்கு என்ன ஆகும் என்றும் அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறாள். பட்டுத் தெரிந்துகொண்டவளின் எச்சரிக்கை.

கடைசியில் ஜேசன் தெய்வங்களைக் கூப்பிட்டுக் கதறும்போது அவள் சொல்லும் பதிலும் இதுதான்: பொய்ச் சத்தியம் செய்து ஏமாற்றியவன் பேச்சை எந்தத் தெய்வம் கேட்கும்? நாடகம் அவளைப் பொய் என்று காட்டவில்லை. ஒரு தெய்வமும் வரவில்லை, அவளுக்கு ரதம் வந்தது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண ஏதென்ஸ் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையிடம் பெண்ணை ஒப்படைப்பான், பெண்ணுக்கு அதில் பேச்சே கிடையாது. மெடீயா தகப்பனை விட்டு ஓடிவந்தவள், அவள் பக்கம் நிற்க ஆள் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே பத்திரம் அந்தச் சத்தியம், இரண்டு அரசர்கள் உடன்படிக்கை செய்வது போல நேருக்கு நேர் செய்தது. அதை அவன் கிழித்தான்.

அதற்காகக் குழந்தைகளையா? அவர்கள் என்ன செய்தார்கள்?

ஒன்றும் செய்யவில்லை. அதை நாடகமும் மறைக்கவில்லை, ஆதரவாக இருந்த கோரஸே வேண்டாம் என்று தடுக்கிறது. ஆனால் ஏன் பிள்ளைகள் என்பதற்கு ஒரு கொடூரமான கணக்கு இருக்கிறது. கிரேக்கர்களின் பெரிய சத்தியங்களில், மீறினால் நானும் என் வம்சமும் பூண்டோடு அழியட்டும் என்று சாபம் சேர்த்துச் சொல்வது வழக்கம். நாடகம் முடியும்போது ஜேசனின் நிலையைப் பாருங்கள். புது மனைவி இல்லை, அவள் மூலம் பிறக்கப்போகும் வாரிசு இல்லை, இருந்த இரண்டு பேரும் இல்லை. ஆளை உயிரோடு விட்டுவிட்டு வம்சத்தை மட்டும் துடைத்துவிட்டாள், சாபத்தின் வாசகத்தை அவளே நிறைவேற்றி வைத்தது போல.

அவள் பேச்சில் இன்னொரு பல்லவியும் உண்டு: எதிரிகள் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இது ட்ராய் போரின் வீரர்கள் அகிலீஸும் ஏஜாக்ஸும் பேசும் பேச்சு. போர்வீரனின் மானக் கணக்கை ஒரு தாய் வீட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யூரிப்பிடீஸ் பார்த்திருக்கிறார்.

பழைய புராணத்திலேயே தாய்தான் கொன்றாளா?

இல்லை, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய கொரிந்துக் கதைகள் பல மாதிரி இருந்தன. ஒன்றில், பிள்ளைகளைச் சாகாவரம் பெற்றவர்களாக ஆக்கலாம் என்று நம்பி ஹீரா தெய்வத்தின் கோவிலில் அவர்களை மறைத்துவைத்தாள், அது பலிக்காமல் செத்துப்போனார்கள். இன்னொன்றில், அவள் கிரெயோனைக் கொன்றுவிட்டு ஓடும்போது பிள்ளைகளை ஹீரா கோவிலில் அடைக்கலமாக விட்டுப்போனாள், கொரிந்துக்காரர்கள் அவர்களைக் கொன்றுவிட்டுத் தாயே கொன்றாள் என்று வதந்தி பரப்பினார்கள்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பௌசானியஸ் இன்னொன்றை எழுதிவைத்திருக்கிறார்: விஷ ஆடையைக் கொண்டுபோனதற்காக ஊரார் அந்தப் பையன்களைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள், அதன் பிறகு ஊர்க் குழந்தைகள் சாக ஆரம்பித்தன, அதனால் வருடாவருடம் பலி கொடுத்து, பிள்ளைகளுக்கு முடி வெட்டிக் கறுப்பு உடை போட்டு அனுசரித்தார்கள். பையன்களின் பெயர் மெர்மரஸ், ஃபெரஸ் என்றும் சொல்கிறார். நாடகத்தில் பெயரே கிடையாது. நாடகத்தின் கடைசியில் மெடீயா பிள்ளைகளை ஹீரா கோவிலில் புதைத்து, கொரிந்தில் அதற்கு ஒரு விழாவும் ஏற்படுத்துவேன் என்று சொல்வது இந்தச் சடங்கைத்தான் தொட்டுக்காட்டுகிறது.

பழைய உரைக்குறிப்புகளில் ஒரு வம்பும் இருக்கிறது. பழியைத் தாய் மேல் போடச்சொல்லி கொரிந்துக்காரர்கள் யூரிப்பிடீஸுக்கு ஐந்து டாலென்ட் வெள்ளி லஞ்சம் கொடுத்தார்களாம். நான் நம்பவில்லை. ஆனால் தெரிந்தே நடந்த கொலை, அதுவும் தாய் கையால், என்பது யூரிப்பிடீஸ் போட்ட திருப்பம்தான் என்று அந்தக் காலத்திலேயே பலர் நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது. நியோஃப்ரான் என்ற வேறொரு நாடகக்காரரிடமிருந்து எடுத்தார் என்ற பழைய குற்றச்சாட்டும் உண்டு, அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அவள் பேசும் அந்த நீண்ட பேச்சு ஏன் இவ்வளவு பிரபலம்?

முடிவெடுக்கிறாள், பிள்ளைகளின் சிரிப்பைப் பார்த்ததும் கைவிடுகிறாள், எதிரிகள் சிரிப்பார்கள் என்று நினைத்ததும் மறுபடி முடிவெடுக்கிறாள், கையை முத்தமிடுகிறாள், தோலின் மென்மையையும் மூச்சின் வாசனையையும் சொல்கிறாள். இப்படி ஒரே ஆள் மேடையில் தனக்குள்ளேயே வாதாடுவதை இந்த அளவுக்கு முன்னால் எங்கும் பார்க்க முடியாது. செய்யப்போவது எவ்வளவு கெட்டது என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் என் சினம் என் யோசனைகளைவிடப் பலமாக இருக்கிறது என்ற பொருளில் அவள் முடிப்பதை வைத்துத் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை போட்டார்கள். ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த கிரைசிப்பஸ் அதைப் பேசினார், எபிக்டெட்டஸும் பேசினார், அவர் அவள் மேல் கோபப்படாதே, வழிதவறியவள் என்று இரக்கப்படு என்கிறார். அந்தப் பேச்சின் பின்பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதா என்று பதிப்பாசிரியர்கள் சந்தேகப்படுவதும் உண்டு. மேடையில் கேட்டால் அந்தச் சந்தேகம் எனக்கு வராது.

ஜேசன் பக்கம் நியாயமே இல்லையா?

அகதியாக இருப்பவன் அரச குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு என்பது அவன் வாதம், கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் என்னிடம் முன்பே சொல்லாமல் ஏன் ஒளித்துச் செய்தாய் என்று அவள் கேட்கும்போது சரியான பதில் இல்லை. என்னைக் காப்பாற்றியது நீ இல்லை, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி என்பான், உன்னைக் காட்டுமிராண்டி நாட்டிலிருந்து சட்டம் இருக்கும் நாட்டுக்குக் கொண்டுவந்ததே பெரிய உபகாரம் என்பான். சத்தியத்தை மீறிவிட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறான், அதுவும் முகம் மாறாமல். மேடையில் இவனை வெறும் வில்லனாக நடித்தால் நாடகம் கெட்டுவிடும். பிள்ளைகள் செத்த பிறகு அவன் அழுவது நிஜமான அழுகை.

ஏஜியஸ் எதற்காகத் திடீரென்று வருகிறான்? ஒட்டவே இல்லையே.

அரிஸ்டாட்டிலும் இதே புகாரைச் சொல்லியிருக்கிறார், அதனால் நீங்கள் தனியாக இல்லை. எனக்கு ஒட்டுகிறது. ஏஜியஸ் பிள்ளை இல்லாத அரசன், டெல்ஃபியில் குறி கேட்டுவிட்டுப் பிள்ளைக்காகவே அலைகிறான். அவனைப் பார்த்துப் பேசி அனுப்பிய பிறகுதான் பிள்ளைகளைக் கொல்லப்போவதாக மெடீயா முதன்முதலில் வாய்விட்டுச் சொல்கிறாள். வாரிசு இல்லாத ஆண் எப்படி நொந்துபோவான் என்பது அப்போதுதான் அவள் கண் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

ரதத்தை இழுப்பவை பறக்கும் நாகங்கள்தானே?

நாடக வரிகளில் ரதம் மட்டும்தான் இருக்கிறது, நாகம் இல்லை. ஆனால் ஏறக்குறைய கி.மு. 400-ஐச் சேர்ந்த, தென் இத்தாலியில் செய்த ஒரு கலயத்தில் நாகங்கள் பூட்டிய ரதத்தில் மெடீயா பறக்கிறாள், அது இப்போது அமெரிக்காவின் கிளீவ்லண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேடையில் ஆளைத் தூக்க ஒரு பாரந்தூக்கி இருந்தது, வழக்கமாகத் தெய்வங்கள்தான் அதில் வருவார்கள். அந்த இடத்தில் ஒரு கொலைகாரத் தாயைத் தூக்கி நிறுத்தினால் பார்க்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும்! அரிஸ்டாட்டிலுக்கு இந்த முடிவும் பிடிக்கவில்லை.

அவள் வேற்றுநாட்டவள் என்பது முக்கியமா?

ரொம்ப முக்கியம். கி.மு. 451-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வெளியூர்ப் பெண்ணுக்குப் பிறந்தவன் நிலை என்ன என்பது பார்வையாளர் வரிசையில் பல பேருக்குச் சொந்தப் பிரச்சினை. பெரிக்ளீஸே மிலேட்டஸ் ஊர் அஸ்பேசியாவோடு வாழ்ந்தவர்தான். இன்னொரு பக்கம், நாடகம் நடந்த சில வாரங்களில் ஸ்பார்ட்டாவோடு பெரும்போர் வெடித்தது, அதைத் தூண்டியவர்களில் கொரிந்து முக்கியமான நகரம். அந்த நேரத்தில் கொரிந்திலிருந்து கொலைகாரி ஒருத்தி ஏதென்ஸுக்கு வருகிறாள் என்று காட்டுவதோடு, ஏதென்ஸைப் புகழ்ந்து பாடும் கோரஸ், அவளை எப்படி அந்தப் புனித நகரம் ஏற்கும் என்று கேட்கவும் செய்கிறது.

எந்தக் கிரேக்கப் பெண்ணும் இதைச் செய்திருக்க மாட்டாள் என்று ஜேசன் கடைசியில் கத்துவான். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பிள்ளையைக் கொன்ற இனோவின் பெயரைக் கோரஸ் சொல்லியிருக்கிறது. இனோ கிரேக்கப் பெண்.

இது பெண்ணியப் படைப்பா?

அவளுடைய முதல் பெரிய பேச்சில், பணத்தைக் கொட்டிக் கொடுத்துக் கணவனை வாங்க வேண்டியிருக்கிறது, வாங்கியவன் நல்லவனா கெட்டவனா என்பது அதற்கு மேல்தான் தெரியும் என்கிறாள். ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று தடவை போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள். இதைக் கேட்டுத்தான் கொரிந்துப் பெண்கள் அவள் ரகசியத்தைக் காக்க ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் எழுதியவர் ஆண், முகமூடி போட்டு நடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள், அப்படிப் பேசிய பெண்ணே பிறகு இன்னொரு பெண்ணை உயிரோடு எரிக்கிறாள். ஒரு கட்சிக்குள் அடங்காத நாடகம்.

சின்னச் சின்னக் குழப்பங்கள்: கிரெயோன் அன்டிகொனீ நாடகத்தில் வருபவனா? இளவரசி பெயர் என்ன?

அந்தக் கிரெயோன் தீப்ஸ் அரசன், இவன் கொரிந்து அரசன், சம்பந்தமில்லை. இளவரசிக்கு நாடகத்தில் பெயர் கிடையாது, பின்னால் வந்தவர்கள் கிளவுக்கே என்றும் கிரெயூசா என்றும் சொன்னார்கள். விஷம் எரிந்தபோது அவள் குதித்ததாகச் சொல்லப்படும் கிளவுக்கே நீரூற்று, பாறையில் குடைந்தது, பழைய கொரிந்து இடிபாடுகளில் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்வையாளர் முன்னாலேயே கொல்வது கி.பி. 1-ஆம் நூற்றாண்டு ரோமானியர் செனெக்காவின் மெடீயாவில். நிறைய பேர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

அப்புறம் மெடீயாவுக்கு என்ன ஆனது? தண்டனை உண்டா?

கிடையாது. ஏதென்ஸில் ஏஜியஸோடு இருந்தாள். அவன் மகன் தீசியஸ் அடையாளம் தெரியாமல் வந்து சேர்ந்தபோது விஷக் கோப்பை கொடுக்கப் பார்த்தாள், கடைசி நொடியில் ஏஜியஸ் வாளை அடையாளம் கண்டு கோப்பையைத் தட்டிவிட்டான். அங்கிருந்தும் கிளம்பிக் கிழக்கே போனாள். அவள் பெயரால்தான் மீடியர்கள் என்ற இனத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அவரே தன் வரலாற்றின் தொடக்கத்தில், கிழக்கும் மேற்கும் மாறி மாறிப் பெண்களைத் தூக்கிப்போன கணக்கில் ஹெலனுக்கு முன்னால் மெடீயாவையும் சேர்க்கிறார். இபிக்கஸ் என்ற பழைய கவிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், செத்த பிறகு வீரர்கள் வாழும் எலீசியச் சமவெளியில் அகிலீஸுக்கு அவளைக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார். அகிலீஸிடம் யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்தார்களா என்று மட்டும் எழுதவில்லை.